கரகரத்த குரலும் கன்னித்தமிழும்: மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன்

குரலைப் போற்றுவதற்குத் தமிழில் சொற்கள் பல உள. குயிற்குரல் என்கிறோம், வெண்கலக் குரல் என்கிறோம், தேன்குரல், மணிக்குரல் என்று மேடைதோறும் பாராட்டுகிறோம். கரகரத்த குரலுக்கோ அவ்வாறு ஒரு மங்கலச் சொல் வாய்க்கவில்லை. கட்டைக் குரல், கம்மிய குரல், தொண்டை கட்டிய குரல் எனக் குறை சுட்டும் சொற்களே வழங்கி வருகின்றன. அத்தகைய குரலுடையான் ஒருவன் பாடப் புகுந்தால், ‘உனக்கு ஏனப்பா இந்த வேலை?’ என்று வீட்டாரே கேட்டுவிடுவர்.

ஆயினும் உலக இசை வரலாற்றை நோக்குவார்க்கு வேறோர் உண்மை புலப்படும். அமெரிக்க நாட்டின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1901ஆம் ஆண்டு பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் கறுப்பினக் கலைஞரின் குரல் சரளைக்கல் உரசினாற் போன்றது. அக்குரலையே உலகம் திரண்டு வந்து கேட்டது. அந்நாட்டின் மினசோட்டா மாநிலத்தில் 1941ஆம் ஆண்டு பிறந்த பாப் டிலன் தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடுபவர். மூக்கொலி கலந்த அவருடைய கரட்டுக் குரலை எள்ளி நகையாடியோர் பலர். ஆனால் 2016ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பெற்றது.

அத்தகைய குரல் ஒன்று நம்மிடையேயும் இருந்தது. பாலக்காட்டு மண்ணில் தோன்றிச் சென்னையில் நிலைத்து, தமிழரும் மலையாளியரும் ஒருங்கே தமதென்று கொண்டாடும் மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன் அவர்களின் குரலே அது. டிலனைப்போல் அவர் பாட்டெழுதியவர் அல்லர், சொல் பிறருடையது. மெட்டும் குரலும் அவருடையவை. அவரது வரலாற்றை நெய்யாற்றின்கரை, அதியன்னூர், பாறசாலை வட்டாரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். அஃது இசையின் வரலாறு மட்டுமன்று. இரு மொழிக்கு இடையில் வாழ்வோரின் வரலாறுமாகும்.

பிறந்த மண்

விசுவநாதன் 1928ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணியன், தாயார் நாராயணிக்குட்டி. வீட்டு மொழி மலையாளம். அக்காலத்தில் பாலக்காடு சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதே காலத்தில் நம் நெய்யாற்றின்கரையும், அதற்குத் தெற்கே விளவங்கோடு தொடங்கித் தோவாளை வரையுள்ள தமிழ் நிலமும் திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தன. எனவே மலையாளம் பேசும் விசுவநாதன் சென்னை மாகாணத்துக் குடிமகனாகப் பிறந்தார்; தமிழ் பேசிய நம் பாட்டன்மாரோ திருவிதாங்கூர்க் குடிகளாய் இருந்தனர். எல்லைக்கோடு மக்களின் நாவைக் கேட்டு இழுக்கப்படுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்தது. அதே நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரையையும் தேவிகுளம், பீர்மேட்டையும் தமிழகத்தோடு இணைக்கவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கிளர்ச்சி செய்தும், அவை கேரளத்திலேயே நின்றன. களியக்காவிளைக்கு வடக்கே நாம் தமிழ் பேசும் கேரளத்தவரானோம். விசுவநாதனோ அந்நாளில் சென்னையில் குடியேறி, தமிழ்ப் பாட்டுக்கு மெட்டமைக்கும் மலையாளியாய் இருந்தார்.

ஏவலாள் இசையமைப்பாளர் ஆனமை

அவருடைய இளமை துயரம் தோய்ந்தது. நான்கு வயதளவில் தந்தையை இழந்தார். வறுமை தாங்காத தாய், மகனோடு உயிர்விடத் துணிந்தார் என்றும், பாட்டனார் தக்க தருணத்தில் வந்து இருவரையும் காத்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர். பாட்டனாரின் ஆதரவில் கண்ணூரில் வளர்ந்த சிறுவனுக்குப் பள்ளிப் படிப்பு ஏறவில்லை, பாட்டு ஏறியது. திரையரங்கில் தின்பண்டம் விற்றுக்கொண்டே படப் பாடல்களைக் கேட்டு மனத்தில் ஏற்றினான். நீலகண்ட பாகவதர் என்பாரிடம் முறையாக இசை பயின்றான். பதின்மூன்று வயதில் மேடை ஏறினான்.

நடிகனாக வேண்டும் என்பதே அவ்விளைஞனின் முதல் வேட்கை. ஜூபிடர் பட நிறுவனத்தில் கிடைத்ததோ ஏவலாள் வேலை. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் தேநீர் வாங்கி வருவதும், ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்து வைப்பதும் அவன் பணிகள். இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடு இல்லாத வேளையில் அப்பெட்டியைத் தொட்டு மெட்டுப் போட்டுப் பார்ப்பான். அவ்வாறு ஏவலாள் போட்ட மெட்டொன்று நாயுடுவின் செவியில் விழ, அவர் சினவாது ஏற்றுக்கொண்டார் என்பது திரையுலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நிறுவனம் கோவையை விட்டு அகன்றபோது, அம்மெட்டு யாருடையது என்பதை வெளிப்படுத்தி, இளைஞனைச் சென்னைக்கு அழைத்துச் செல்லுமாறு பரிந்துரைத்தவரும் அவரே என்பர். கீழ்நிலை ஊழியன் எழுதிய குறிப்பின்மேல் மேலதிகாரி கையொப்பமிட்டுத் தமதாக்கிக்கொள்ளும் அலுவலக உலகை அறிந்த நமக்கு, நாயுடு அவர்களின் பெருந்தன்மை எத்துணை அரியது என்பது நன்கு விளங்கும்.

சென்னையில் சி. ஆர். சுப்பராமன் என்னும் இளம் மேதையின் குழுவில் விசுவநாதன் சேர்ந்தார். அங்கே வயலின் வாசித்தவர் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த டி. கே. இராமமூர்த்தி. 1952ஆம் ஆண்டு, முப்பது வயதும் நிரம்பாத சுப்பராமன் திடுமென மறைந்தார். அவர் தொடங்கி நின்றுபோன ‘தேவதாஸ்’ முதலிய படங்களின் எஞ்சிய இசைப்பணியை இவ்விருவரும் முடித்துக் கொடுத்தனர்.

அவ்வாண்டே ‘பணம்’ என்னும் படத்தை இயக்கிய கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இருவரையும் இணைத்து இசையமைப்பாளர் ஆக்கினார். கலைவாணர் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். நம் தென்திருவிதாங்கூர் மண்ணின் மைந்தர். இராமமூர்த்தி ஆறாண்டு மூத்தவராயினும், விசுவநாதன் பெயர் முன்னும் இராமமூர்த்தி பெயர் பின்னுமாக நிற்கட்டும் என்று முடிவு செய்தவரும் அவரே. மூத்தவர் மனமுவந்து ஒப்புக்கொண்டார். பதின்மூன்று ஆண்டுகள் அந்த இரட்டைப் பெயர் தமிழ்நாட்டின் தெருவெங்கும் ஒலித்தது. 1963ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் நடந்த விழாவில் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் அவர்களுக்குச் சூட்டப்பெற்றது. 1965ஆம் ஆண்டு ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு இருவரும் பிரிந்தனர். முப்பதாண்டு கழித்து, 1995ஆம் ஆண்டு ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்தில் மீண்டும் ஒன்று சேர்ந்தனர்.

எல்லாப் பாட்டும் முதலில் பிறந்த குரல்

திரைப்பாடல் உருவாகும் முறையைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயக்குநர் காட்சியைச் சொல்வார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து, சொல் இல்லாத மெட்டைத் தம் வாயால் பாடுவார். கவிஞர் அதைக் கேட்டுச் சொல் பெய்வார். அதன்பின் பாடகர் வருவார். இசையமைப்பாளர் பாடிக்காட்ட, அவர் கேட்டுப் பயில்வார். ஆகவே நாம் டி. எம். சௌந்தரராசன் குரலிலும், பி. சுசீலா குரலிலும், பி. பி. ஸ்ரீநிவாஸ் குரலிலும் கேட்டு மகிழ்ந்த விசுவநாதன் பாடல்கள் முதலில் அந்தக் கரகரத்த குரலில் பிறந்தவையே. கவிஞர் கண்ணதாசன் எத்தனையோ பாடல்களுக்குச் சொல் கண்டது அக்குரலைக் கேட்டே. கண்ணதாசனும் ஜூன் 24ஆம் நாளிலேயே, ஓராண்டு முன்னதாக, 1927இல் பிறந்தவர் என்பது இனிய ஒற்றுமை.

இன்னொன்றையும் ஈண்டு நினைத்தல் தகும். அக்காலத்துத் தமிழ்ப் பாட்டின் மணிக்குரல்கள் எவ்வெவ்வீட்டில் பிறந்தவை? சௌந்தரராசன் மதுரைச் சௌராட்டிரக் குடும்பத்தவர். சுசீலா, ஸ்ரீநிவாஸ், எஸ். ஜானகி, எஸ். பி. பாலசுப்பிரமணியம் ஆகியோர் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். யேசுதாசும் ஜெயச்சந்திரனும் மலையாளியர். இவர்களுக்குத் தமிழ்ப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தவரும் மலையாளியே. தமிழ்த் திரையிசையின் பொற்காலம் என்று நாம் போற்றுவது, வீட்டில் வேறு மொழி பேசியோர் தமிழின்பால் காட்டிய பயபக்தியால் விளைந்தது எனின் மிகையாகாது.

தமக்கென வைத்துக்கொண்ட பாடல்கள்

இனிய மெட்டுகளையெல்லாம் இனிய குரல்களுக்கு வழங்கிய விசுவநாதன், தாமே பாடவேண்டும் என்று எவற்றை வைத்துக்கொண்டார்? இக்கேள்வியே அவர் கலையின் உட்பொருளை நமக்குத் திறந்து காட்டுகிறது.

1971ஆம் ஆண்டு சோ அவர்களின் ‘முகமது பின் துக்ளக்’ படத்தில், வாலி எழுதிய இறைவனை விளிக்கும் பாடலை அவரே பாடினார். தொழுகைக்கு அழைக்கும் குரலில் உள்ள உரமும் உருக்கமும் அதில் உண்டு. 1973ஆம் ஆண்டு ‘சொல்லத்தான் நினைக்கிறேன்’ படத்தின் பெயரையே முதலடியாகக் கொண்ட பாடலில், எஸ். ஜானகியின் நூலிழைக் குரலுக்குப் பக்கத்தில் தம் முரட்டுக் குரலை நிறுத்தினார். சொல்ல நினைத்தும் சொல்ல இயலாத அன்பு அப்பாடலின் பொருள். அதைத் தடையின்றி வழுக்கி ஓடும் குரல் பாடியிருந்தால் நாம் நம்பியிருப்போமா? தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டாற்போல் ஒலிக்கும் குரலுக்கே அப்பொருள் பொருந்திற்று.

1976ஆம் ஆண்டு ‘மூன்று முடிச்சு’ படத்தின் படகுக் காட்சி இன்னும் வியப்புக்குரியது. காதலர் இருவர்க்கும் ஜெயச்சந்திரனும் வாணி ஜெயராமும் பாடுகின்றனர். படகைச் செலுத்தும் நண்பனோ காதலன் நீரில் விழுந்து தத்தளிக்கும்போது காப்பாற்றாது துடுப்பைத் தள்ளிக்கொண்டே செல்கிறான். அந்த வன்னெஞ்சனுக்குரிய அடிகளை விசுவநாதன் பாடினார். அதே மெட்டுத்தான், குரல் மாறியதும் தென்றல் வாடையாகிவிடுகிறது. 1977ஆம் ஆண்டு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்துக்காக ஜெயகாந்தன் தாமே எழுதிய பாடலையும் அவர் பாடினார். கதை சொல்லும் ஒருவன், உலகத்தார் முகம் சுளிப்பாரே என்று அஞ்சாது கண்டதைக் கண்டபடி கூறும் தொனி அதில் ஒலிக்கும். 1979ஆம் ஆண்டு ‘நினைத்தாலே இனிக்கும்’ படத்தில் சிவனை விளித்துப் பாடியபோது அவர்க்கு ஐம்பது வயது கடந்திருந்தது. அப்பாடலின் துள்ளல் இளைஞரையும் நாணச் செய்யும்.

இவற்றை ஒருசேர நோக்கினால் ஓர் ஒழுங்கு புலனாகிறது. அழகை உணர்த்தவேண்டிய இடங்களில் அவர் பிறரைப் பாடவைத்தார். உண்மை உறைக்க வேண்டிய இடங்களில் தாமே பாடினார். தம் குரலின் குறை இன்னது என்று அறிந்து, அக்குறை எங்கே நிறைவாகும் என்பதையும் அறிந்திருந்தார். இஃது எளிய அறிவன்று.

தாய்மொழிக்குச் செய்த பணி

தமிழுக்கு உழைத்தமையால் அவர் மலையாளத்தை மறந்தாரில்லை. 1953ஆம் ஆண்டு தமிழிலும் மலையாளத்திலும் வெளிவந்த ‘ஜெனோவா’ படத்திலேயே அவர்தம் இருமொழிப் பணி தொடங்கிற்று. 1971ஆம் ஆண்டு ‘லங்காதகனம்’ படத்தில் ஸ்ரீகுமாரன் தம்பியின் பாடல்களுக்கு இசையமைத்தார். 1973ஆம் ஆண்டு கே. எஸ். சேதுமாதவன் இயக்கத்தில் ‘பணிதீராத்த வீடு’ வெளிவந்தது. அதில் வயலார் இராமவர்மா எழுதிய, கண்ணீர்த்துளியைப் பெண்ணுக்கு ஒப்பிட்ட கவியுள்ளத்தைப் பற்றிய பாடலை விசுவநாதனே பாடினார். வயலாரும் 1928ஆம் ஆண்டு பிறந்தவரே. 1974ஆம் ஆண்டு ‘சந்திரகாந்தம்’ படத்தில், இதயத்தை ஆறாக உருவகித்து ஸ்ரீகுமாரன் தம்பி எழுதிய பாடலையும் அவரே பாடினார். மணிக்குரல் யேசுதாசைப் பெற்றெடுத்த கேரளம், இந்தக் கரட்டுக் குரலையும் நெஞ்சில் வைத்துப் போற்றுகிறது.

நம் வட்டாரத்தார் இவ்விரு மொழிப் பாடல்களையும் ஒரே வானொலிப் பெட்டியில் கேட்டவர்கள். திருவனந்தபுரம் நிலையம் வடக்கிலிருந்து மலையாளம் பாடும். 1963இல் தோன்றிய திருநெல்வேலி நிலையம் கிழக்கிலிருந்து தமிழ் பாடும். கடல் கடந்து இலங்கை வானொலியும் வந்து சேரும். அதியன்னூருக்கு அண்டையிலுள்ள பாலராமபுரத்தில், முன்பு திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியமர்ந்த சாலியர் மரபினர் தறி நெய்து வருகின்றனர். அத்தறியொலிக்கு நடுவே இருமொழிப் பாட்டும் கலந்து ஒலித்த காலம் அது. எது தமிழ்நாட்டுப் பாட்டு, எது கேரளத்துப் பாட்டு என்று பிரித்துக்கொண்டா நாம் கேட்டோம்? இரண்டுக்கும் மெட்டுப் போட்டவர் ஒருவரே என்பதை நம்முள் பலர் பின்னரே அறிந்தோம்.

வாழ்த்துப் பாடல் வந்த வழி

நம் சங்கக் கூட்டங்கள் எல்லாம் தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குகின்றன. அதன் வரலாறு நமக்கு இருமடங்கு உரியது.

அப்பாடலை இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை 1855ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கியவர். திருவிதாங்கூர் மன்னர்களின் பழங்கல்வெட்டுகளை ஆராய்ந்து வரலாறு கண்டவர். 1891ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் தொடக்கத்தில் அவ்வாழ்த்து அமைந்துள்ளது. 1897ஆம் ஆண்டு, நாற்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்தார். அவரும் நம்மைப்போல் கேரள மண்ணில் வாழ்ந்த தமிழரே.

1970ஆம் ஆண்டு தமிழக அரசு அப்பாடலை அரசு விழாக்களில் பாடுவதற்குரியதாக ஏற்றபோது, அதற்கு மோகன இராகத்தில், திசுர நடையில் மெட்டமைத்தவர் விசுவநாதன். பாடியவர்கள் சௌந்தரராசனும் சுசீலாவும். அப்போது மூலப்பாட்டின் சில அடிகள் நீக்கப்பெற்றன. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவை தமிழிலிருந்து தோன்றியவை என்னும் கருத்தும், ஆரியம் வழக்கொழிந்தது என்னும் கருத்தும் அந்நீக்கத்தில் அடங்கும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் தமிழக அரசு அதனை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 நொடிகளில் பாடவேண்டும் என்றும், பாடுங்கால் யாவரும் எழுந்து நிற்கவேண்டும் என்றும் ஆணையிட்டது.

ஆலப்புழையில் பிறந்த தமிழரின் சொல். எலப்புள்ளியில் பிறந்த மலையாளியின் மெட்டு. சௌராட்டிர, தெலுங்கு வீடுகளில் பிறந்தோரின் குரல். தமிழ்நாட்டின் மாநிலப் பாடல் இவ்வாறு அமைந்திருக்கிறது. மலையாளம் தமிழின் மகளா தங்கையா என்று அறிஞர் வழக்காடட்டும். அந்த அடிகள் நீங்கிய பாட்டுக்கு ஒரு மலையாளி மெட்டுப் போட்டுத் தமிழன்னையை வணங்கினார் என்பதே நமக்குப் போதுமானது.

புலம்பெயர்ந்தோரின் குரல்

முதுமையில் அவர் ஓய்ந்து அமர்ந்தவர் அல்லர். 1986ஆம் ஆண்டு ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்தில் இளையராஜாவோடு சேர்ந்து பணியாற்றினார். தமக்குப் பின்வந்த தலைமுறையை ஏற்று அதனோடு தோள் சேர்ந்து நிற்பது கலையுலகில் அரிய பண்பு. 1999ஆம் ஆண்டு ‘சங்கமம்’ படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையில் பாடினார். மெட்டு வேறொருவருடையது, குரல் மட்டும் தம்முடையது என்னும் நிலையையும் அவர் தாழ்வாகக் கருதவில்லை.

2002ஆம் ஆண்டு மணிரத்தினம் இயக்கிய ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படம் வெளிவந்தது. அதில் ஈழத்தமிழர் ஊரைவிட்டு வெளியேறும் காட்சி ஒன்று உண்டு. மூட்டை முடிச்சுகளோடு முதியோரும் மகளிரும் குழந்தைகளும் நடந்து செல்ல, தாய்மண்ணிடம் விடைபெறும் பாடல் பின்னணியில் ஒலிக்கும். வைரமுத்து எழுதி ரகுமான் இசையமைத்த அப்பாடலில் பலர் குரல் கலந்திருப்பினும், நெஞ்சைப் பிளப்பது எழுபத்து மூன்று வயது விசுவநாதனின் குரலே. அழுது அழுது கம்மிப்போன கிழவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையைத் திரும்பிப் பார்த்துப் பாடுவது போன்றது அது. இனிய குரல் எதுவும் அத்துயரத்தைச் சுமந்திராது.

ஈழத்தமிழர் துயர் பாடியவர் எலப்புள்ளி மலையாளி. அவரும் நான்கு வயதில் வேரற்றுப்போய், கண்ணூர், கோவை, சென்னை என்று ஊர் ஊராய் அலைந்து, வேற்று மொழியில் வாழ்வு கண்டவர். ஊரை விட்டவர்க்கு ஊரை விட்டவர் குரல் கொடுத்தார். பிழைப்புத் தேடியும் பணிமாற்றத்தாலும் வந்து சேர்ந்த நம் குடும்பங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

பெற்றதும் பெறாததும்

அரை நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்த இவர்க்கு நடுவண் அரசின் பத்ம விருது எதுவும் வாழ்நாளில் கிட்டவில்லை. சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதும் கிட்டவில்லை. நடுவண் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிக்கும் நாம், எந்தக் கோப்பு எந்த மேசையில் உறங்கிற்று என்று ஆராயப் புகவில்லை. நெய்யாற்றின்கரையைத் தம் பெயரிலேயே தாங்கிய கருநாடக இசைப் பாடகர் நெய்யாற்றின்கரை வாசுதேவனுக்கு 2004ஆம் ஆண்டு பத்மசிறீ கிடைத்தபோது நம் வட்டாரமே பெருமை கொண்டது. செம்மை சான்ற அக்குரலுக்கு அது தகும். செம்மையற்ற குரலையும், தெருவில் பாடும் பாட்டையும் அளக்கும் முழக்கோல் தில்லியில் இல்லைபோலும்.

தமிழக அரசு 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் விசுவநாதனையும் இராமமூர்த்தியையும் ஒரே மேடையில் ஏற்றி, ‘திரையிசைச் சக்கரவர்த்தி’ என்னும் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. அடுத்த ஆண்டு இராமமூர்த்தி மறைந்தார். 2015ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள், எண்பத்தேழாம் வயதில் விசுவநாதனும் சென்னையில் இயற்கை எய்தினார்.

நம் பிள்ளைகளுக்கு

இவ்வரலாற்றை நாம் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் பயில்கின்றனர். அவர்கள் தமிழ் பேசினால் மலையாள நெடி அடிக்கிறது என்று இங்கு வரும் தமிழ்நாட்டு உறவினர் நகைக்கின்றனர். மலையாளம் பேசினால் ‘பாண்டி’ என்று பள்ளித் தோழர் நகைக்கின்றனர். இரு பக்கத்து நகைப்புக்கும் அஞ்சி, மூன்றாவதாக ஆங்கிலத்தில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகள் பெருகி வருகின்றனர். வீட்டில் தமிழ் குறைந்துகொண்டே வருவதற்கு எல்லைக்கோடு காரணமன்று. இந்தக் கூச்சமே காரணம். நம் சங்கப் போட்டிகளிலும் உச்சரிப்புக்கு மதிப்பெண் குறைத்து, நா பிறழும் குழந்தையைப் பின்வரிசைக்கு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அக்குழந்தை அடுத்த ஆண்டு பெயர் கொடுப்பதில்லை.

பிழையை அப்படியே விட்டுவிடுக என்று நாம் கூறவில்லை. ழகரத்தைப் பிழையறக் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால் கற்பிப்பதற்கு முதலில் குழந்தை வாயைத் திறக்கவேண்டும் அன்றோ? குரல் கரகரப்பானது என்று விசுவநாதன் வாய்மூடி இருந்தால் அத்தனை மெட்டுகளும் அவர் தொண்டையிலேயே மடிந்திருக்கும். வீட்டு மொழி வேறு என்று அவர் விலகி நின்றிருந்தால் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு இந்த மெட்டு வாய்த்திராது.

2028ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அப்பெருமகனாரின் நூற்றாண்டு வருகிறது. எல்லையோரச் சங்கங்கள் இப்போதே அதற்கு ஆயத்தம் செய்யலாம். அவருடைய தமிழ்ப் பாடல்களோடு மலையாளப் பாடல்களையும் ஒரே மேடையில் நம் பிள்ளைகள் பாடட்டும். அண்டை வீட்டு மலையாளக் குழந்தைகளும் உடன் பாடட்டும். அவ்விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட முன்வரிசையில் நிறுத்தவேண்டியது தேன்குரல் பிள்ளையை அன்று. நா பிறழ்கிறது என்று இதுகாறும் பின்வரிசையில் நின்ற பிள்ளையையே முதலில் அழைப்போமாக.